அந்த ஞாயிறு ரூம் திறக்கவில்லை

எலைனுக்கு அந்தப் பெயர் ஒரு பங்களாவிலிருந்து வந்தது. கோலார் தங்கவயலை விட்டுக் கடைசியாகப் போன வெள்ளைக்கார எஞ்சினியர்களில் ஒருவர் வீட்டில் அவளுடைய அம்மா ஆயாவாக இருந்தாள். அந்தக் குடும்பம் கப்பல் ஏறிய வருடம் இவள் பிறந்தாள். தான் வளர்த்த குழந்தையின் பெயரையே அம்மா இவளுக்கும் வைத்துவிட்டாள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அதை யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. எல்லன், இலேனு, லைனம்மா என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவள் கணவன் ஹரோல்ட் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தான். தொண்ணூற்று இரண்டில் ஒருநாள் காலை வீட்டுப் பாத்திரங்கள் தாமாகவே அதிர்ந்தன. பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே ஊர் முழுக்க அப்படித்தான் அதிரும். ஏர்பிளாஸ்ட் என்பார்கள். எலைன் ஃப்ளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினாள். அங்கே நின்ற அதிகாரி, "உயிரோட இருக்காங்கம்மா, கொண்டு வந்துகினு இருக்காங்க" என்றார். மத்தியானமும் அதையே சொன்னார். சாயங்காலமும் அதையே சொன்னார். மறுநாள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தபோது ஹரோல்டைக் கித்தானில் சுற்றி இறக்கினார்கள்.

அவளிடம் உண்மையைச் சொன்னது ஞானதாஸ்தான். ஹரோல்டின் ஷிஃப்டில் பாறையில் துளை போடும் மெஷின்காரர். கல்லுக்கு அடியிலிருந்து ஹரோல்டை வெளியே இழுத்தவர்களில் ஒருவர். அடக்கமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். உட்காராமல் வாசலிலேயே நின்று சொன்னார். "அவன் அந்த நிமிஷமே போய்ட்டான்மா. கீழேர்ந்து நாங்க அப்பவே போன் பண்ணி சொல்ட்டோம். மேல இருந்தவங்களுக்குத் தெரியும். உன்ன சும்மா நிக்க வச்சாங்க."

எலைன் அன்றைக்கு அழவில்லை. அந்த ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

ஹரோல்டின் சாவுக்காகக் கம்பெனி அவளுக்கு டைம் ஆபீஸில் வேலை கொடுத்தது. யார் எந்த ஷிஃப்டுக்கு வந்தார்கள் என்று எழுதி வைப்பது. பிறகு அங்கே கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் அதைக் கண்டு ஒதுங்கினார்கள். எலைனுக்குக் குழந்தை இல்லை, மாலையில் போய்ச் செய்ய வேண்டிய அவசரம் எதுவும் வீட்டில் இல்லை. அதனால் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். சுரங்கம் ஒவ்வொரு ஷாஃப்டாக மூடப்பட்டு, ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே அனுப்பப்பட்டபோது அவளும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆண்டர்சன்பேட்டை பஜாரில் மஞ்சுநாத் என்பவர் புதிதாக பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். போய்ச் சேர்ந்தாள்.

அந்தக் கடைக்கு ஒரே ஒரு டெலிபோன் லைன். அதுதான் இன்டர்நெட்டுக்கும், அதுதான் பேசுவதற்கும். இன்டர்நெட் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் என்கேஜ்டுதான்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கிற பிள்ளைகளோடு பேச வந்தவர்கள். பெரிய பெரிய சாட் தளங்களில் அறிமுகம் இல்லாதவர்கள் நடுவில் வந்து அசிங்கமாக எழுதுவார்கள். விளம்பரப் படங்கள் இறங்குவதற்குள் லைன் கட்டாகிவிடும். சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்த சுனில் என்ற பையன் பெங்களூரில் எஞ்சினியரிங் முடித்திருந்தான். லீவுக்கு வந்தபோது அவன்தான் வழி சொன்னான். "நமக்குன்னு ஒரு சாட் சர்வர் வச்சுக்கலாம் ஆன்ட்டி. வெறும் எழுத்து மட்டும்தான். நம்ம லைனுக்கு அதுவே போதும்." மூலையில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி அதை நிறுவிக் கொடுத்தான். கடையிலிருந்து இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணும் ஒவ்வொரு தடவையும் அந்த மெஷினுக்கு ஒரு புது முகவரி கிடைக்கும். ஆனால் வெளியில் இருப்பவர்கள் ஒரே பெயரைப் போட்டு வந்து சேரும்படி அவன் ஏற்பாடு செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் எலைன் சர்வரைத் திறப்பாள். மஸ்கட்டிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் பங்காருபேட்டைக்காரர்களும் ஆண்டர்சன்பேட்டைக்காரர்களும் உள்ளே வருவார்கள். எல்லோரும் அதை 'ரூம்' என்றே சொன்னார்கள். "ரூம் திறந்தாச்சா?" என்று பஜாரில் நிறுத்திக் கேட்பார்கள்.

சுனில் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். ரூம் எலைன் பொறுப்பில் வந்தது.

அதற்குள் ஞானதாஸின் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. எத்தனையோ வருடம் மெஷின் பிடித்து உறிஞ்சிய பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. அந்த வேலை பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை. ஒவ்வொரு லைனிலும் இரண்டு மூன்று பேராவது அப்படி வாசலில் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருப்பார்கள். ஞானதாஸும் இரண்டு வார்த்தை பேசினால் நிறுத்துவார். மறுபடி இரண்டு வார்த்தை. அவருடைய ஒரே மகள் ஜெயசீலி குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒருமுறை போனில் அப்பாவின் இருமலைக் கேட்டுவிட்டு, "நான் வந்துடறேன்பா" என்று அழுதிருக்கிறாள். அவள் ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருந்தது. பாதியில் கிளம்பினால் அனுபவச் சான்றிதழ் கிடையாது, திரும்ப அந்த நாட்டுக்குள் நுழையவும் முடியாது. அன்றோடு ஞானதாஸ் போனைத் தொடுவதை விட்டுவிட்டார். கூப்பிட்டால், வெளியே போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார்.

அவர் மனைவி நேசமணிதான் எலைனிடம் வந்தாள். "உங்க மாமாவுக்கு மவகிட்ட பேசணும். ஆனா அவ அவரு குரல கேக்கக் கூடாது. இன்னா பண்றது எலைனு?"

"வாயில பேசாம கையில பேசலாம் அத்தை. கூட்டிகினு வாங்க" என்றாள் எலைன்.

அப்படித்தான் அவர் ரூமுக்கு வந்தார். மிஷன் பள்ளியில் படித்த ஆங்கில எழுத்து அவருக்கு மறக்கவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில், ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். 'அப்பா நல்லா இருக்கேன்' என்று அடித்து முடிக்க வெகுநேரம் ஆகும். ஆனால் எழுத்தில் இருமல் இல்லை. நடுவில் நின்று மூச்சு வாங்கியது அந்தப் பக்கம் தெரியாது. ஜெயசீலியும் அவர்கள் ஹாஸ்டலில் நர்ஸ்களுக்கு என்று இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, 'மருந்து வேலை செய்யுதாப்பா?' என்று கேட்பாள். 'செய்யுது' என்று அடிப்பார். அடித்துவிட்டு எலைனைப் பார்த்துச் சிரிப்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது விரலும் நடுங்க ஆரம்பித்தது. அவர் சொல்லச் சொல்ல எலைன் அடித்தாள். பிறகு சொல்லவும் மூச்சில்லாமல், கேள்வியைப் படித்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். எலைன் தன் போக்கில் அடித்தாள். மீன் வாங்கினோம், மழை நல்லா பெய்யுது, பாஸ்டர் விசாரித்தார் என்று அவளுக்குத் தோன்றியதையெல்லாம் சேர்த்தாள். அவள் டைம் ஆபீஸ்காரி, வேகமாக அடிப்பாள். ஒருநாள் ஜெயசீலி எழுதினாள்: 'அப்பா, இப்போ எவ்ளோ வேகமா டைப் பண்றீங்க! உடம்பு நல்லா தேறிட்டுது போல.'

அந்த வரியைப் படித்ததும் எலைன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். ஞானதாஸ் அவள் முழங்கையைத் தொட்டு, அடி என்று சைகை செய்தார். 'ஆமா கண்ணு' என்று அடித்தாள்.

இரண்டாயிரத்து ஒன்று, ஆகஸ்ட் மாதம். சுரங்கம் முழுவதுமாக மூடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவது நின்றுவிட்டது. பஜாரில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு ஆட்டோவில் ஞானதாஸைக் கூட்டிக்கொண்டு நேசமணி வந்தாள். கடையின் இரண்டு படிகளை ஏறவே அவருக்கு நேரமாயிற்று. காற்றில் தூசி எழும்பினால் இருமல் வரும் என்று எலைன் ஃபேனை நிறுத்தினாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணி, சர்வரைக் கிளப்பும் கட்டளையை அடித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. பிழை என்றும் வரவில்லை. கட்டளை போட்ட இடத்திலேயே மறுபடி கர்சர் வந்து நின்றது. ரூமுக்குள் நுழையப் பார்த்தால், அங்கே யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பியது.

முதல் நாள் சாயங்காலம் சர்வரை ஓடவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருந்தது. அது எலைனுக்கு ஞாபகம் வந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது, நான் ஓடுகிறேன் என்று தனக்கே ஒரு சின்ன ஃபைலை எழுதி வைத்துக்கொள்ளும். ஒழுங்காக நிறுத்தினால் அதை அழித்துவிடும். கரண்ட் போய்ச் செத்தால் அந்த ஃபைல் அப்படியே கிடக்கும். அடுத்த தடவை கிளப்பினால், ஏற்கெனவே நான் ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். முன்பு ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. தேடிப் பார்த்தாள். இருந்தது. அழித்தாள். மறுபடி கட்டளை கொடுத்தாள்.

அப்போதும் கிளம்பவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றாள் நேசமணி.

"சர்வர் எழுந்துக்க மாட்டேங்குது அத்தை. பாத்துகினு இருக்கேன்."

டிஸ்க் நிரம்பிவிட்டதோ என்று பார்த்தாள். இடம் தாராளமாக இருந்தது. வேறு ஏதாவது புரோகிராம் ரூமுக்குள் வரும் வழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று பார்த்தாள். இல்லை. சர்வர் தன் நடவடிக்கைகளைப் பதிந்து வைக்கும் லாகைத் திறந்தாள். கடைசி வரி நேற்றுக் கரண்ட் போவதற்கு முன்னால் எழுதியது. இன்றைக்கு ஒரு வரிகூட இல்லை. அப்படியென்றால் வாய் திறப்பதற்கு முன்பே சாகிறது.

குவைத்தில் ஜெயசீலி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ராத்திரி டியூட்டி. தூக்கத்தை விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். ஞானதாஸ் திரையையும் எலைனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சும் உள்ளே போகும்போது விசில் மாதிரி இழுத்தது. பிறகு ஒரு இடைவெளி. வெளியே வரும்போது தொண்டையில் சளி புரண்டது.

சுனிலைக் கேட்பது ஒன்றுதான் வழி. அதற்கு லைனை விட வேண்டும். எலைன் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுப் பெங்களூருக்குப் போட்டாள். அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எடுத்தார். பையன் சாப்பிட வெளியே போயிருக்கிறான், வந்ததும் கூப்பிடச் சொல்கிறேன் என்றார். அவன் கூப்பிட வேண்டுமே என்று எலைன் லைனைக் காலியாகவே விட்டுவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"சுனில்?"

"அக்கா, நான் ஜெயசீலி. ரூமு திறக்கலியே? எவ்ளோ நேரமா பாத்துகினு இருக்கேன். சரி, போன்லயாவது கேப்போம்னு போட்டேன். அப்பா வந்திருக்காரா?"

எலைன் திரும்பினாள். ஞானதாஸ் புரிந்துகொண்டார். கையை வேகமாக ஆட்டினார், இல்லை, இல்லை. நேசமணி பக்கத்தில் வந்து, "வரலன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தாள்.

"சர்வர்ல கோளாறு ஜெயா. சரி பண்ணிகினு இருக்கேன்" என்றாள் எலைன். "கொஞ்சம் பொறுத்து..."

"அக்கா, பின்னாடி இன்னாக்கா சத்தம் அது?"

ஃபேன் நின்றிருந்தது. கடையில் வேறு கஸ்டமர் இல்லை. ஞாயிறு மத்தியானம், பஜாரும் வெறிச்சென்று கிடந்தது. அந்த அறையில் கேட்ட ஒரே சத்தம் ஞானதாஸின் மூச்சு.

இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணும் மோடத்தின் சத்தம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் பிரௌசிங் சென்டர்களுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் கீச்சும் கரகரப்பும் பழக்கம்தான். ஜெயசீலி நம்பியிருப்பாள். அந்தப் பொய் எலைனின் நாக்கு நுனி வரை வந்தது.

"சொல்லுங்கக்கா. யாரு மூச்சு அது?"

எலைன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். ஒயர் எட்டும் வரை நடந்து, ஞானதாஸின் முகத்துக்குப் பக்கத்தில் அதை நீட்டிப் பிடித்தாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டால் வாயைப் பொத்தினார். பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். மூச்சை எப்படி நிறுத்துவது? அடக்க அடக்க அது இன்னும் பெரிதாக இழுத்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. ரிசீவரிலிருந்து ஜெயசீலியின் குரல் மெல்லியதாகக் கேட்டது. அழவில்லை. வார்டில் பேசுகிற குரல்.

"அப்பா, பேசாதீங்க. வாய மூடாதீங்கப்பா. சும்மா மூச்சு விடுங்க. நான் கேட்டுகினு இருக்கேன்."

அவர் துண்டை எடுக்கவில்லை.

"முன்னாடி சாஞ்சு உக்காருங்க. முட்டி மேல கைய ஊனுங்க. அம்மா, அவரு உதடு எந்த நிறத்துல இருக்குது? அம்மா, நீங்க அங்கதான இருக்கீங்க? நீலமா இருக்குதா?"

நேசமணி எலைனின் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி அதன் இடத்தில் வைத்தாள்.

"இன்னாடி பண்ணிட்ட? எங்க வாயில மண்ணைப் போட்டுட்டியே! அவ இப்ப எல்லாத்தையும் விட்டுட்டு ஓடியாருவா. இதுக்குத்தானா உன்ன நம்பிக் கூட்டிகினு வந்தேன்?"

"அத்தை, அவ நர்சு. அவளுக்கு அப்பவே தெரிஞ்சிப் போச்சு..."

"நீ நீட்டலன்னா தெரிஞ்சிருக்காது!"

எலைன் ஞானதாஸின் பக்கம் குனிந்தாள். "மாமா, ஹரோல்ட் விஷயத்துல எனக்கு உண்மைய சொன்னது நீங்கதான். ஒருநாள் முழுக்க என்ன ஏமாத்தி நிக்க வச்சாங்கன்னு நீங்கதான் வந்து சொன்னீங்க. நான் மாசக் கணக்கா அவள நிக்க வச்சிட்டேன் மாமா. என்னால முடியல."

அவர் அவளைப் பார்த்தார். நெடுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு, "அது... செத்தவன் விஷயம்" என்றார். மறுபடி சேர்த்துக்கொண்டார். "இது... இருக்கறவ... பொழப்பு."

அவர் எலைனிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நேசமணி அவரைத் தாங்கிக்கொண்டு படியிறங்கினாள். எலைன் ஒத்தாசைக்குக் கை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு போன் விட்டு விட்டு அடித்தது. குவைத்தாக இருக்கும் என்று எலைன் எடுக்கப் பயந்தாள். கடைசியில் எடுத்தபோது சுனில்.

"ஆன்ட்டி, இன்னா ப்ராப்ளம்? அரை மணியா ட்ரை பண்றேன்."

அவள் நடந்ததைச் சொல்லவில்லை. சர்வர் கிளம்பாததை மட்டும் சொன்னாள். செய்து பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

"அது எப்பவும் பின்னாடி போய்தான் ஓடும் ஆன்ட்டி, அதான் எதுவும் தெரியல. முன்னாடியே, ஸ்க்ரீன் மேலயே ஓட வைங்க. செத்தாலும் இன்னா சொல்லிட்டு சாகுதுன்னு தெரியும்." எப்படி என்று சொல்லிக் கொடுத்தான். அடித்தாள். அமைப்புகள் எழுதி வைத்திருக்கும் ஃபைலில் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்தது.

"அந்த ஃபைலு சைஸ் எவ்ளோ காட்டுது?"

எலைன் பார்த்தாள். "பூஜ்யம்."

"நேத்து அதுல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தாள். பூதிகோட்டையிலிருந்து துபாய்க்குப் போன ஒருவரை ரூமில் சேர்க்க வேண்டுமென்று, அவர் பெயரை எழுதிச் சேமித்துவிட்டு எழுந்தாள். அடுத்த நிமிடம் கரண்ட் போனது.

"டிஸ்க்குல போய் எழுதறதுக்குள்ள கரண்ட் போயிருக்கும். ஃபைலு பேரு மட்டும் நின்னுட்டுது, உள்ள ஒண்ணுமில்ல. பரவால்ல ஆன்ட்டி, எழுதிக்கலாம். நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அவன் வரிவரியாகச் சொன்னான். அவள் அடித்தாள். ஒரு இடத்தில் கமா விட்டுப்போனதால் மறுபடி செத்தது. திருத்தினாள். அதன் பிறகு திரையில் எழுத்துகள் வேகமாக ஓடி நின்றன. சர்வர் உயிரோடு இருந்தது. போனை வைத்துவிட்டு இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணினாள். ரூம் திறந்தது. வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. காத்திருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

எலைன் மூடாமல் உட்கார்ந்திருந்தாள். தெரு விளக்கு எரியும் நேரத்தில் ஜெயசீலி உள்ளே வந்தாள்.

'அப்பா போய்ட்டாராக்கா?'

'வீட்டுக்குப் போய்ட்டாரு.'

'எவ்ளோ நாளா இப்படி?'

'ஈஸ்டருக்கு அப்புறம் ரொம்ப மோசம்.'

லைன் போய்விட்டதோ என்று எலைன் நினைத்தாள். பிறகு வந்தது.

'என்கூட பேசினது யாரு?'

எலைன் அந்தக் கேள்வியைப் பலமுறை படித்தாள்.

'முதல்ல அவரு. அப்புறம் அவரு சொல்லி நான். கடைசி ரெண்டு மாசம் நான்தான்.'

'மீனு வாங்கினேன்னு சொன்னது?'

'நான்.'

'என் பொறந்த நாளுக்கு ஜெபம் எழுதினது?'

அந்த ஜெபத்தை அவர்தான் அடித்தார். ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, எலைனைத் தொடவிடாமல். நடுவில் இரண்டு தடவை தலையை மேஜையில் வைத்துப் படுத்துக்கொண்டார். 'அது அவரு. முழுசா அவரே' என்று எலைன் எழுதினாள்.

ஜெயசீலி வெளியே போய்விட்டாள் என்று சர்வர் ஒரு வரி காட்டியது.

அவள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க, அந்த மருத்துவமனை ஆபீஸ் வாசலில் பல நாள் நின்றிருக்கிறாள். சான்றிதழ் கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு சூட்கேசோடு பங்காருபேட்டையில் இறங்கி வந்து சேர்ந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் ஞானதாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதெல்லாம் பின்னாளில் ஜெயசீலி எலைனிடம் சொன்னது. மகள் உடம்பு துடைக்க விட்டார், மருந்து கொடுக்க விட்டார், நிமிர்த்தி உட்கார வைக்க விட்டார். ஆனால் முகம் கொடுக்கவில்லை. நீ எதுக்கு வந்த என்று ஒரு தடவை கேட்டார். அதற்கே அவருக்கு அரை நாள் களைப்பு. வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு வந்தாள். அது வந்த பிறகு அவர் கொஞ்சம் தூங்கினார். கடைசி வாரத்தில் ஒரு விடியற்காலை அவர் விழித்து, அவள் யூனிஃபார்ம் போடாமல் பழைய நைட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "டூட்டி... இல்லியா" என்றார். தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குக் குழம்பியிருந்தது. "லீவு போட்டிருக்கேன்பா" என்றாள் அவள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அது ஒன்றுதான் அவர் அவளுக்குக் கொடுத்த நல்ல முகம். அதையும் பொய் சொல்லித்தான் வாங்கினேன் என்றாள் ஜெயசீலி.

செப்டம்பர் கடைசியில் அவர் இறந்தார். அடக்கத்துக்கு எலைன் போனாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். எலைன் குனிந்தபோது நேசமணி, "நீ போடாத" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. எலைன் கையிலிருந்த மண்ணை அங்கேயே உதிர்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

லைன்களில் பேச்சு பரவியது. குவைத் வேலையைக் கெடுத்தவள் என்றார்கள். அவளிடம் ஒன்றும் சொல்லாதே, நேராகப் போனில் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்றார்கள். ரூமுக்கு ஞாயிறுகளில் ஆள் குறைந்தது. ஊரிலும் ஆள் குறைந்துகொண்டுதான் இருந்தது, பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் பெற்றவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். மஞ்சுநாத் நல்ல மனுஷன். "எலைனம்மா, உங்க மேல தப்பு சொல்லல. வியாபாரம் இல்ல, இன்னா பண்றது?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நவம்பரில் கடையை மூடினார். கம்ப்யூட்டர்களை யாரோ பெங்களூர்க்காரர் வந்து ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மூலையில் இருந்த சர்வரை எலைன் தானே ஒழுங்காக நிறுத்தி, ஒயர்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சுனில் அவளுக்காகச் சொல்லி வைத்தான். விடிவதற்குள் ரயில் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். தங்கவயலில் பாதிப் பேர் அப்போது அந்த ரயிலில்தான் பிழைத்தார்கள். நின்றுகொண்டே தூங்குகிறவர்கள், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டாடுகிறவர்கள், ஜெபக் கூட்டம் நடத்துகிறவர்கள். முதல் நாள் எலைன் பெட்டிக்குள் ஏறியபோது, சர்ச்சில் தெரிந்த இரண்டு பெண்கள் தங்கள் பைகளை நகர்த்தி இடத்தை அடைத்துக்கொண்டார்கள். கதவோரம் போய் நின்றாள்.

அடுத்த ஸ்டேஷனில் ஜெயசீலி ஏறினாள். பெங்களூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்திருந்தாள். சான்றிதழ் இல்லாததால் புதிதாகப் படித்து வந்த பெண்களோடு அவளையும் வைத்திருந்தார்கள். அடக்கத்துக்குப் பிறகு எலைன் அவளைப் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் கொஞ்ச தூரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"அம்மா உங்ககூட பேசமாட்டாங்கக்கா" என்றாள் ஜெயசீலி. "நானும் வீட்ல உங்க பேர எடுக்கறதில்ல."

"தெரியும்."

"நீங்க பண்ணது சரின்னு என்னால சொல்ல முடியல. வேல போயிட்டுது. அவரும் முகத்தத் திருப்பிகினே போயிட்டாரு." வெளியே இருட்டில் எதையோ பார்த்துக்கொண்டு நிறுத்தினாள். "ஆனா அன்னிக்கு அந்தச் சத்தத்த மோடம் கீடம்னு ஏதாச்சும் சொல்லி நீங்க மழுப்பியிருந்தா, நான் அதுக்கு அப்புறமும் அப்பான்னு நெனச்சு உங்ககூடதான் பேசிகினு இருந்திருப்பேன், அவரு செத்த பின்னாடியும். அத நெனச்சாத்தான் எனக்கு உடம்பு நடுங்குது."

பங்காருபேட்டையில் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஏறியது. கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற ஒரு குடும்பம் இறங்கியதில் ஒரு சீட்டின் ஓரம் காலியாயிற்று. ஜெயசீலி சட்டென்று அதில் உட்கார்ந்து, நகர்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

"உக்காருங்க. பெங்களூர் வரைக்கும் நின்னுகினே வர முடியாது."

எலைன் உட்கார்ந்தாள். ரயில் கிளம்பியது.